பதிவேடு இருக்கிறது, வாசிப்பவர் யார்?

1986 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அதனைச் சரிபார்க்கும் பணி கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் வானியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அற்பத் தொகை என்று அவர் தள்ளிவிடவில்லை. வெளிநாடு சென்றிருந்த ஒருவரின் பயனர் கணக்கில் வேறு எவரோ நுழைந்து வருவதைக் கண்டார். அத்தடத்தைப் பல மாதங்கள் தொடர்ந்தபோது, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவிய மார்க்கஸ் ஹெஸ் அகப்பட்டார். அவரும் கூட்டாளிகளும் தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தது பின்னர் வெளிப்பட்டது.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இதற்கெனவே மரபாக மூன்று கோப்புகள் உண்டு. தற்போது உள்ளே இருப்போரை 'யூடிஎம்பி' கோப்பும், வந்து சென்றோரை 'டபிள்யூடிஎம்பி' கோப்பும், தோல்வியுற்ற முயற்சிகளைப் 'பிடிஎம்பி' கோப்பும் தாங்குகின்றன. 'ஹூ', 'லாஸ்ட்', 'லாஸ்ட்பி' என்னும் கட்டளைகள் முறையே இவற்றை வாசித்துக் காட்டும். இக்கோப்புகள் நேரத்தைக் குறிக்கும் முறை 2038 ஆம் ஆண்டுக்கு அப்பால் செல்லாது என்பதால், புதிய லினக்ஸ் பதிப்புகள் சில வேறு தரவுத்தளங்களுக்கு மாறி வருகின்றன. ஆயினும் கேள்விகள் அவையே: யார், எங்கிருந்து, எப்பொழுது, எவ்வளவு நேரம்?

இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் கணினியில் நூற்றுக்கணக்கான தோல்விகள் பதிவாவது அன்றாட நிகழ்வு. தானியங்கி நிரல்கள் ஓயாமல் கதவைத் தட்டுகின்றன. தோல்விகளின் வரிசைக்குப் பின் வரும் ஒரு வெற்றியும், விலகிச் சென்றவரின் பெயரில் நிகழும் நுழைவும், பயனர் உறங்கும் வேளையில் அந்நிய முகவரியிலிருந்து வரும் புகுபதிகையுமே கவனத்திற்குரியவை.

பதிவேட்டிற்கும் எல்லைகள் உண்டு. அது கணக்கின் பெயரையே அறியும். விசைப்பலகையின் முன் அமர்ந்தவரை அறியாது. முழு அதிகாரம் பெற்ற ஊடுருவி அதனை அழிக்கவும் கூடும். எனவே அதன் படியொன்றை வேறொரு கணினியில் சேமிப்பது நன்று.

புலம்பெயர் தமிழர் இல்லங்கள் பலவற்றிலும் சங்கங்களிலும் ஒரே கணினி, ஒரே கணக்கு, அனைவருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல் என்பதே வழக்கம். கோப்பு அழிந்தாலோ, வங்கிக் கணக்கில் ஐயம் எழுந்தாலோ, பழி பெரும்பாலும் வீட்டின் இளையவர் மீதே விழுகிறது. அனைவரும் ஒரே பெயரில் நுழைந்திருக்க, குற்றமற்றவரைக் காக்கப் பதிவேட்டால் இயலாது.

ஆளுக்கொரு கணக்கு அமைப்பதற்குச் செலவில்லை. விண்டோஸ் கணினியின் 'ஈவன்ட் வியூவர்' கருவியில் 4624 என்னும் எண் வெற்றி பெற்ற நுழைவையும், 4625 தோல்வியுற்ற முயற்சியையும் குறிக்கும். மின்னஞ்சல் சேவைகள் பலவும் அண்மைய நுழைவுகளைப் பட்டியலிட்டுக் காட்டுகின்றன.

பெற்றோர் இப்பதிவுகளைப் பிள்ளைகளை மறைந்திருந்து கண்காணிக்கும் கருவியாக்குதல் தகாது. அவ்வாறு செய்தால் நம்பிக்கையே முதலில் அழியும். பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சேர்ந்து வாசிப்பதே முறை. இத்தொழில்நுட்பம் அறிந்த இளையோர், சங்கக் கணினிகளின் பதிவுகளை மாதம் ஒருமுறையேனும் பார்வையிடும் பொறுப்பை ஏற்று, மூத்தோருக்கும் கற்றுத்தர முன்வர வேண்டும். விலகிச் சென்ற நிர்வாகிகளின் கணக்குகளை மூடுவதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.