வருமானச் சான்று கேட்காத தர்மம்

கோயம்புத்தூரில் உதவி செய்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. உதவி வாங்குகிறவரைக் கூனிக்குறுக விடாமல் உதவி செய்கிறவர்கள்தான் குறைவு. ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதை மூன்று கோணத்தில் படம் பிடித்து, சோகமாக ஒரு வயலினைச் சேர்த்து, ரீல்ஸாகப் போடுகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்தப் பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. பொட்டலம் இலவசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் தன் முகத்தைக் கொடுத்துத்தான் அதை வாங்கியிருக்கிறார்.

இதே ஊரில், சிங்காநல்லூரில், வேறு மாதிரி ஒரு இடம் இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத பெயர்: சாந்தி சோஷியல் சர்வீசஸ். சாந்தி கியர்ஸ் நிறுவனர் பி. சுப்பிரமணியம் 1996-ல் தொடங்கியது. கேன்டீன், மருந்துக்கடை, மருத்துவமனை, டயாலிசிஸ், ரத்த வங்கி, பெட்ரோல் பங்க் என்று திருச்சி ரோட்டில் விரிந்து கிடக்கிறது. வெளியே விற்கிற விலைக்கும் அங்கே விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஊரில் ஆட்டோக்காரர்கூட மனப்பாடமாகச் சொல்வார். மாசாமாசம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது விலை அல்ல, அந்த கேன்டீன் வரிசை. காசு கொடுத்து டோக்கன் வாங்குகிறீர்கள், தட்டை எடுத்துக்கொள்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள். முன்னால் நிற்பவர் கட்டட வேலைக்காரராக இருக்கலாம், பின்னால் நிற்பவர் மில் முதலாளியாக இருக்கலாம். யார் வேறு வழியில்லாமல் வந்தவர், யார் ருசிக்காக வந்தவர் என்று தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அங்கே எல்லோரும் வாடிக்கையாளர்கள். குறைவாக இருந்தால் புகார் சொல்லலாம். தானமாக வாங்கியவர் உப்பு இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு ஆட்சேபம் ரெடியாக இருக்கும். “கார்ல வர்றவனெல்லாம் அங்கதானுங்க திங்கறான். அப்புறம் அது என்னங்க தர்மம்?”

வரட்டுமே. நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எந்த வடிகட்டியை எழுதினாலும் அது இரண்டு வகையில் தப்பு செய்யும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். விடக்கூடாதவரை உள்ளே விடும், விட வேண்டியவரை வெளியே நிறுத்தும். ஒன்றை இறுக்கினால் மற்றது கூடும். காரில் வந்தவர் மலிவு விலையில் சாப்பிட்டுப் போனால் கொஞ்சம் பணம் நஷ்டம். பசியோடு வந்தவர் சான்றிதழ் இல்லாமல் திரும்பிப் போனால் என்ன நஷ்டம்? இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர் பசியோடு வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து, எல்லோருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. வசதியானவர்களும் அரிசி வாங்குகிறார்களே என்று அன்றிலிருந்து இன்றுவரை புலம்பல் ஓயவில்லை. ஆனால் 2017-ல் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்காததால் அவர்களுடைய ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் அவள் அம்மா. மலேரியா என்றது அரசு. காரணத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம், அந்த வீட்டுக்கு அரிசி வராமல் போனதில் சண்டைக்கு இடமில்லை. தகுதியானவரை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம் என்று கிளம்பும் ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டினோம். 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தாயிற்று. அதில் ஏறும்போது யாராவது நம்மிடம் வருமானச் சான்று கேட்கிறார்களா? கார் வைத்திருப்பவன் ஏன் இலவசமாகப் போகிறான் என்று யாராவது டீக்கடையில் வருத்தப்படுகிறார்களா? அதே வாய்தான் அம்மா உணவகத்து ஒரு ரூபாய் இட்லிக்கு “நஷ்டத்துல ஓடுது” என்கிறது. கான்கிரீட்டில் போட்டால் வளர்ச்சி, மாவில் போட்டால் நஷ்டம். நல்ல கணக்கு.

அடுத்து, கார்ப்பரேட் தர்மம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம்தான். பணம் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறையாகப் போயிருக்கிறது. ஆனால் கூடவே ஒரு சடங்கும் வளர்ந்துவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட் கொடுத்து, பஸ் ஏற்றி, ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போவார்கள். மேனேஜர் வந்து பேனரைப் பிடிக்கும்வரை சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார்கள். மதியம் இரண்டு மணி. சர்க்கரை வியாதிக்காரர்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று அந்த இல்லத்தில் யார் யாருக்கு உதவினார்கள்? எங்கள் நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்துக்கு அந்த முதியவர்கள்தான் உதவினார்கள், சம்பளமில்லாமல்.

இவர்களிடம் பேசினால் கடைசியில் மீன் கதை வரும். மீனைக் கொடுக்காதே, பிடிக்கக் கற்றுக்கொடு. கொங்கு நாட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். நொய்யலில் பிடிக்க என்ன மீன் இருக்கிறது? பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு நாம் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோமாம்.

ஆனால் சாந்தியைக் காட்டி, “பாத்தீங்களா, கவர்மென்ட் இல்லாம நம்மூர்க்காரங்களே பாத்துக்குவோம்” என்று மார்தட்டுகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இந்த ஊருக்குப் பெரிய கொடை மரபு உண்டு. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது, ஐந்தாவதாக ஒரு பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை பிறந்தது அப்படித்தான். தர்மத்தைக் கூடப்பிறந்தவனாகச் சேர்த்துப் பங்கு கொடுத்த கணக்கு அது. மிச்சம் இருந்தால் போடுவது என்கிற கணக்கு அல்ல. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் எத்தனை ஊரில் ஒரு கோவிந்தசாமி நாயுடு குடும்பம் இருக்கும்? எத்தனை ஊரில் ஒரு சுப்பிரமணியம் பிறப்பார்? சிங்காநல்லூரில் மலிவாக டயாலிசிஸ் கிடைப்பது தாராபுரத்தில் இருக்கும் நோயாளிக்கு எந்த விதத்தில் உரிமை?

வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றது 2019-ல் நாடு முழுக்கச் செய்தியானது. அவருக்கு கேஸ் இணைப்பு வந்தது, ஆனந்த் மஹிந்திரா சொன்னபடி 2022-ல் வீடும் வந்தது. எல்லோரும் நெகிழ்ந்தோம். அந்த இட்லியைத் தேடி வந்த கூலிக்காரர்களுக்கு வெளியே ஏன் கட்டுபடியாகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்றும் கவனிக்கப்படவில்லை. பாட்டி சும்மா கொடுக்கவில்லை, ஒரு ரூபாய் வாங்கினார். சாப்பிடுகிறவர் “இன்னும் ரெண்டு வைங்க” என்று கேட்பதற்கு அந்த ஒரு ரூபாய் வேண்டியிருக்கிறது. அந்தப் பாட்டிக்கும், 2013-ல் அம்மா உணவகம் தொடங்கிய அரசுக்கும், சிங்காநல்லூர் கேன்டீனுக்கும் இது தெரிந்திருக்கிறது. பேனர் பிடிக்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சாந்தி கியர்ஸ் 2012-ல் முருகப்பா குழுமத்தின் கைக்குப் போனது. சுப்பிரமணியம் 2020 டிசம்பரில் காலமானார். தன்னை முன்னிறுத்திக்கொள்ளப் பிடிக்காத மனிதர். சாந்தியில் தினமும் சாப்பிடுகிற பலருக்கு அவரை எதிரில் பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. கேன்டீன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் ஆபீஸிலும் டி-ஷர்ட் சைஸ் கேட்டு மெயில் வரும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, போங்கள். பதில் போடும்போது இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். போனையும் பேனரையும் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கலாமா? சாப்பாட்டைச் சரியான நேரத்துக்குப் பரிமாறலாமா? அதற்கப்புறமும் எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.