ரசிகனின் ஏடும் வரலாறே

தமக்குப் பிடித்த ஒரு பாடகிக்காக, ஒரு நடிகைக்காக இணையத்தளம் நடத்துகிறவரைக் கண்டால் நம்மவருக்கு இளக்காரம். "வேலையற்றவன் வேலை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குறிப்பாக யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கத்துக்கு இந்த இளக்காரம் பரம்பரைச் சொத்து. சங்கீதம் என்றால் எழுந்து நிற்பார்கள். அதே சங்கீதத்தை மேடையிலும் திரையிலும் வேடம் கட்டிப் பாடியவளை 'கூத்தாடி' என்று தள்ளி வைப்பார்கள். இந்த மனோபாவத்தால் நாம் இழந்தது எவ்வளவு என்பதை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்வோம். கொடுமுடியில் 1908 இல் பிறந்து, வறுமையிலிருந்து நாடக மேடைக்கு வந்தவர். எஸ்.ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தது 1926 இல், கொழும்பில். ஆகவே அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது தீவுக்கும் உரியது. 1935 இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்று, அக்காலத்தில் எவரும் எண்ணிப்பாராத ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றவர். ஜெமினியின் 'ஔவையார்' 1953 இல் வந்தது. 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர். 1970 இல் பத்மஸ்ரீ. சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினர். இத்தனை பெருமை பெற்றவரின் 'நந்தனார்' படச்சுருள் இன்று எங்கேனும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. புகழின் உச்சியில் இருந்தவருக்கே இக்கதி என்றால், அவருக்குப் பின்வரிசையில் நின்று பாடிய பெண்களின் கதி என்ன?

படச்சுருள் போனபின் எஞ்சுவது எது? கொட்டகை வாசலில் காசுக்கு விற்ற பாட்டுப்புத்தகம். பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும் இசைத்தட்டு. பத்திரிகையில் வந்த தியேட்டர் விளம்பரம். இவற்றைப் பெட்டியில் பூட்டிக் காத்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் அல்லர், ரசிகர்கள். பேராசிரியர் ஆய்வுக்கு வரும்போது அந்தப் பெட்டியைத்தான் திறக்கவேண்டியிருக்கிறது. திறந்து முடிந்ததும் நூலின் முன்னுரையில் நன்றி கூறக்கூட அவருக்கு மனம் வருவதில்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 யூனில் சுமார் 97,000 நூல்களோடு நமது நூலகம் எரிந்தது. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1983 யூலையில் கொழும்புப் பக்கத்தில் தமிழருக்குச் சொந்தமான சினிமா ஸ்டூடியோ எரிந்தது. 1995 ஒக்ரோபரில் குடாநாடே பெயர்ந்தபோது, அரிசி மூட்டையைத் தூக்கவே கையில்லாத குடும்பங்கள் இசைத்தட்டையும் பாட்டுப்புத்தகத்தையும் எங்ஙனம் தூக்கும்? ஆவணம் என்பது ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கக்கூடாது என்ற பாடத்தை உலகில் எவரையும்விட அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் நாம். எங்கோ ரொறன்ரோவில், இலண்டனில் இருந்துகொண்டு ஒரு பழைய பாட்டுப்புத்தகத்தைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றுகிறவரைப் பார்த்து நகைக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

எகிப்தியர் தம் பாடகியும் நடிகையுமான உம் குல்தூமுக்கு 2001 இல் கெய்ரோவில் அரும்பொருட்சாலை அமைத்தனர். அவர்களுக்கு அரசு இருந்தது, செய்தது. நமக்கு அந்த வேலையை இதுவரை செய்து வந்தவர்கள் தனிமனிதர்கள்.

இவ்வளவும் ரசிகர்களுக்காக வாதாடியது. இனி அவர்களோடு வழக்கு.

அன்பர்களே, உங்கள் தளங்களில் பெரும்பாலானவை ஏடு அல்ல, மாலை. கிட்டப்பா 1933 இல் மறைந்தார்; சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். இந்தச் சோகத்தைப் பத்துப் பந்திகளில் உருகி உருகி எழுதுகிறீர்கள். அவர் என்ன பாடினார், யார் எழுதியது, யார் இசையமைத்தது, எந்த ஆண்டு என்று கேட்டால் ஒரு வரி இல்லை. 1935 இல் ஒரு 'நந்தனார்'. 1942 இல் தண்டபாணி தேசிகர் நடித்த இன்னொரு 'நந்தனார்'. 1953 இல் ஔவையாராக வந்த அதே சுந்தராம்பாள் 1965 இல் 'திருவிளையாடல்' படத்திலும் ஔவையாராக வந்தார். இவற்றைப் பிரித்துக் காட்டும் பொறுமை இல்லாதவர் கையில் எந்தப் பாட்டும் எந்தப் படத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பிழையை இருபது பேர் நகல் எடுத்தபின் அதுவே வரலாறாகிவிடும். பத்திரிகைத் தொழிலில் முதல் நாள் கற்பிக்கும் பாடம், "இது உமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பது. ரசிகனுக்கும் அக்கேள்வி உண்டு. ஆராதனைக்கு ஆதாரம் தேவையில்லை, ஆவணத்துக்குத் தேவை.

இரண்டாவது வழக்கு இதனினும் கடுமையானது. உங்கள் தளம் உங்கள் ஆயுளைவிட நீண்டு வாழுமா? 1994 இல் தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கான ரசிகர்கள் தம் அபிமானத்தவருக்குக் கோயில் கட்டினார்கள். 1999 இல் யாகூ அதனை வாங்கியது. 2009 ஒக்ரோபரில் மூடியது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாக முயன்று ஒரு பங்கைக் காப்பாற்றினர். மற்றவை போயின. எவரும் தீ வைக்கவில்லை. ஓர் அறிவித்தலோடு அணைந்தன. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் உங்கள் சொந்தத் தளத்துக்கும் அதுவே முடிவு. தமிழ் வாசிக்கத் தெரியாத உங்கள் பிள்ளை அந்தக் கட்டணத்தைக் கட்டுவான் என்று நம்புகிறீர்களா?

ஆகையால் மூன்றே கோரிக்கைகள். எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் அது கிடைத்த இடத்தைக் குறியுங்கள். பாட்டுப்புத்தகமோ விளம்பரத் துண்டோ கையில் இருந்தால், அதைப் பற்றி எழுதுவதோடு நில்லாமல் அதையே படியெடுத்து வையுங்கள். ஒரு பிரதியை உங்கள் கைக்கு வெளியே கொடுத்துவிடுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் நமது பழைய இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. அத்தகைய பொது இடங்களின் கதவைத் தட்டுங்கள். "என் தளம், என் சேகரிப்பு" என்ற கர்வம் பெட்டியில் பூட்டி வைத்தவனின் கர்வமேயன்றி வேறல்ல.

பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றே ஒன்று: இந்த மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சந்தியுங்கள். நினைவுப் பேருரை நிகழ்த்துவதற்குப் பிற்பாடு நேரம் இருக்கும். பெட்டியின் சாவி எங்கே என்று கேட்பதற்கு நேரம் இப்பொழுதுதான்.