செஞ்சிக்கோட்டைச் சாலையில் குதிரைவண்டிச் சவாரிக்கு அனுமதி வேண்டாமெனக் கோரும் விண்ணப்பம்

விழுப்புரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் சமூகத்துக்கும், பிரதிகள் மூலமாகச் சுற்றுலாத் துறை, கால்நடைப் பராமரிப்புத் துறை, இந்தியத் தொல்லியல் துறை ஆகியவற்றின் அதிகாரிகளுக்கும், செஞ்சி உள்ளாட்சி நிர்வாகத்துக்கும், சிங்கவரம் ஊரார் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் கோரிக்கை மனு.

ஐயா,

மராட்டியர் ராணுவ நிலவெளிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏற்றுக்கொண்டபோது, அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவையாயிருக்க, எஞ்சிய ஒன்றாக எங்கள் செஞ்சிக்கோட்டையும் அந்த வரிசையில் இடம்பெற்றது குறித்து நாங்கள் அடைந்த பெருமிதத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. பெருமிதத்தோடு கூடவே ஒரு கவலையும் எங்களுக்கு உண்டாயிருக்கிறது. கோட்டையைக் காண வருகிறவர்களின் தொகை பெருகப் பெருக, அவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை வாயிலுக்கும், அங்கிருந்து சிங்கவரத்து ரங்கநாதர் குடைவரைக் கோயிலின் அடிவாரத்துக்கும் ஏற்றிச் செல்ல ஏதேனும் ஒரு வாகனம் வேண்டுமென்ற யோசனை எழுவதும், ராஜா தேசிங்கின் ஊருக்குக் குதிரை பூட்டிய அலங்கார வண்டியைவிடப் பொருத்தமான வாகனம் வேறில்லை என்று யாரேனும் ஓர் உற்சாகி சொல்வதும், அதற்கு முதலீடு செய்ய ஒருவர் முன்வருவதும் இயல்பாக நடக்கக்கூடியவையே. அப்படி ஒரு வண்டி இந்தச் சாலையில் உருள்வதற்கு முன்பாகவே அதைக் குறித்துத் தீர்மானித்துவிட வேண்டும் என்பதுதான் இம்மனுவின் சாராம்சம்.

குதிரையிடம் எங்களுக்கு விரோதமோ அலட்சியமோ கிடையாது. பாராசாரிக் குதிரையைத் தேசிங்கு அடக்கிய கதையைத் தெருக்கூத்திலும் உடுக்கைப் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெருஞ்சேனையைச் சொற்பப் படையுடன் எதிர்த்து மடிந்த அந்த இளைஞர், போருக்குப் புறப்படுமுன் எங்கள் ஊர்ப் பெருமாளிடம் உத்தரவு கேட்டாரென்றும், பெருமாள் சம்மதியாமல் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டாரென்றும் ஐதீகம். பெருமாளின் சம்மதத்தைப் பற்றி மூன்று நூற்றாண்டாகப் பேசிவந்திருக்கிறோமே தவிர, குதிரையின் சம்மதத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். எனினும், யுத்தகளத்தில் தன் எஜமானனோடு பாய்ந்த ஒரு குதிரையின் கீர்த்தியைக் காட்டி, அதன் இனத்தைச் சேர்ந்த மெலிந்த மட்டக்குதிரை ஒன்றைத் தார்ச்சாலையில் நாள் முழுவதும் நிறுத்திவைப்பதற்கு நியாயம் தேடுவது அந்தக் கீர்த்திக்கே இழுக்கு என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பிராணிகளிடம் எந்த வேலையும் வாங்கவே கூடாது என்கிற கட்சியையும் நாங்கள் சேர்ந்தவர்களல்லர். ஏரும் வண்டியும் பூட்டி ஜீவித்த குடும்பங்கள் எங்களுடையவை. மணிலாவும் நெல்லும் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தது மாட்டின் தோளால்தான். ஆகவே இந்த ஆட்சேபம் பட்டணத்து நாகரிகத்திலிருந்து கடன் வாங்கியதாகக் கருதப்படலாகாது.

ஆட்சேபத்தின் மூலகாரணம் எங்கள் ஊரின் வெயிலிலும் கோட்டையின் அமைப்பிலும் இருக்கிறது. இழுவை மற்றும் பொதி விலங்குகளை வதைக்காதிருக்க மத்திய அரசு 1965-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், அத்தகைய விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றும், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது என்றும், வண்டியில் ஓட்டுபவரும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நால்வருக்கு மேல் ஏறலாகாது என்றும், முள் பொருந்திய கடிவாளத்தைப் பயன்படுத்தலாகாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. இவ்விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டைக்கு வருகிறவர்களின் ஒரு நாளைத் தாங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டுகிறோம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் சித்திரை வைகாசியில்தான் குடும்பங்கள் திரளாக வருகின்றன. காலையில் வந்து, ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் மீது ஏறி, உச்சிப்பொழுதில் கால் ஓய்ந்து கீழே இறங்குகிறார்கள். அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு வண்டி தேவைப்படுகிறது. சுற்றிலும் கருங்கற்பாறைகள் விடியற்காலை முதல் உள்வாங்கிய அனலைத் திருப்பி வீசிக்கொண்டிருக்கும் அந்த மூன்று மணி நேரத்தில், சட்டப்படி குதிரை நிழலில் அவிழ்த்து விடப்பட்டிருக்க வேண்டும். வியாபாரப்படியோ அது வண்டியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வருமானம் கிடைக்கும் வேளையும் விதி தடுக்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிட்ட ஒரு தொழில், விதியை மதித்தால் நஷ்டத்தில் மூழ்கும். மதியாவிட்டால் குதிரையின் உடம்பில்தான் லாபம் காணும். வண்டிக்காரர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

தவறினால் தண்டிக்கலாமே என்று கூறுவோருக்கும் விடை இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் உள்ள தொகையாகும். இன்றைய விலையில் அது ஒரு குதிரையின் ஒருவேளைக் கொள்ளுக்கும் காணாது. குடும்பத்தோடு ஏறும் ஐந்தாவது ஆளை இறக்கிவிடுவதற்காகச் சாலையோரத்தில் ஒரு காவலரை நாள்தோறும் நிறுத்தி வைக்க முடியுமென்றும் நாங்கள் நம்பவில்லை.

மற்ற நகரங்களில் நடந்தது எங்களுக்குப் பாடமாயிருக்கிறது. பம்பாயில் விக்டோரியா வண்டிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தன. உல்லாசச் சவாரிக்காக அவற்றை ஓட்டுவது சட்டவிரோதமென்று 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஓராண்டுக்குள் அவற்றை நிறுத்தும்படி உத்தரவிட்டதுடன், அத்தொழிலை நம்பியிருந்தவர்களின் மறுவாழ்வைப் பற்றி அரசு யோசிக்கவேண்டுமென்றும் கூறியது. ஆனால் தடைக்குக் கெடு வைத்தது போல ஜீவனோபாயத்துக்குக் கெடு வைக்க எவராலும் இயலவில்லை. மின்சாரத்தில் ஓடும் விக்டோரியா வண்டிகள் அந்நகரத் தெருவில் அறிமுகமான 2021-ஆம் ஆண்டுக்குள் தீர்ப்புக்கு ஏறத்தாழ ஆறு வயதாகிவிட்டது. கடற்கரையில் தகப்பன் ஓட்டிய வண்டியை மகன் ஓட்டிவந்த குடும்பங்களுக்கு ஆறு ஆண்டு என்பது சிறிய காலமன்று. கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரம் 2020-ஆம் ஆண்டு பிறக்கையில் இதே தடையை அமல்படுத்தியபோது, வேலையிழந்த குதிரைகள் கசாப்புக்குப் போய்விடலாகாதென்று, ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் கொடுத்துத் தானே வாங்கிக்கொள்ள முன்வந்தது. குதிரையின் மீது இரங்கித் தடை கேட்பவர்கள், தடைக்கு மறுநாள் அந்தக் குதிரை எங்கே நிற்கும் என்பதையும் யோசிக்கவேண்டும் என்று அந்நகரத்தாருக்குத் தோன்றியிருக்கிறது. நம் மாநிலத்திலேயே இதனினும் மேலான முன்மாதிரி உண்டு. 1973-ஆம் ஆண்டில், மு. கருணாநிதி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது, மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. ஒழித்த அதே கையால் அந்தத் தொழிலாளர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் இலவசமாக வழங்கப்பட்டன. இழப்பும் ஈடும் ஒன்றாக வந்ததால்தான் அது இன்றளவும் நல்ல பெயரோடு நினைக்கப்படுகிறது.

செஞ்சிக்கு இவற்றினும் எளிய வழி திறந்திருக்கிறது. இங்கே இன்னும் அத்தொழில் வேரூன்றவில்லை. பிறவாத தொழிலைத் தடுப்பதால் எவருடைய அடுப்பும் அணையாது. பத்து ஆண்டு ஓடவிட்டு, கடன் வாங்கிக் குதிரை வாங்கிய இருபது ஏழைகளை உண்டாக்கிய பிறகு தடுத்தால், இருபது அடுப்புகள் அணையும். அப்போது வழக்காடப் பணமுள்ளவர் வேறு, தொழிலை இழப்பவர் வேறாயிருப்பார்கள்.

எனவே, செஞ்சிக்கோட்டையைச் சுற்றியும், கோட்டையிலிருந்து சிங்கவரம் வரையுள்ள சாலைகளிலும் உல்லாசப் பிரயாணிகளுக்கான குதிரைவண்டிச் சவாரிக்கோ, கோட்டை வளாகத்தில் வாடகைக் குதிரையேற்றத்துக்கோ உரிமம் வழங்கப்படமாட்டாது என்று தாங்கள் இப்போதே எழுத்து மூலமான ஆணை பிறப்பித்து, அதைச் சுற்றுலாத் துறையின் திட்ட ஏற்பாடுகளிலும் சேர்க்கும்படி முதற்கண் பிரார்த்திக்கிறோம்.

வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டு முதியோரை வெயிலில் நடக்கவிடுவது முறையன்று. பேருந்து நிலையம், கோட்டை வாயில், சிங்கவரம் அடிவாரம் ஆகிய மூன்றையும் இணைக்கும் மின்கல வாகனங்களைக் குறைந்த கட்டணத்தில் இயக்கவும், அவற்றை ஓட்டும் பொறுப்பை வெளியூர் ஒப்பந்தக்காரர்களிடம் கொடாமல் இவ்வட்டாரத்து இளைஞர்களிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் ஒப்படைக்கவும் வேண்டுகிறோம். செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் குதிரை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கேனும் இருந்தால், கால்நடை மருத்துவரைக் கொண்டு அவற்றைக் கணக்கெடுத்து, இந்த வேலையில் அவர்களுக்கே முதலுரிமை அளிக்கவேண்டும்.

கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு வரும் சாரட் வண்டிகளின் விஷயம் வேறு. மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கும் சம்பந்திகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தும் சக்தி இச்சங்கத்துக்கு இல்லை. அவ்வண்டிகளை ஒரே நாளில் தடுக்காமல், ஒவ்வொரு குதிரையையும் பதிவு செய்து, ஆண்டுக்கு இருமுறை மருத்துவப் பரிசோதனையும் லாடப் பரிசோதனையும் நடத்தி, அதன் காதருகே சரவெடி வெடிப்பதையும் நள்ளிரவு வரை பூட்டி நிறுத்துவதையும் தடுத்தால் இப்போதைக்குப் போதுமானது.

பழனியில் யாத்திரிகர்களை அடிவாரத்துக்கு ஏற்றிச் செல்லும் குதிரைவண்டிக்காரர்களும், சென்னை மெரினாவிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களும் எங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். ஆயினும் நாங்கள் கேட்கும் தடையை முன்மாதிரியாகக் காட்டி அவர்களை ஒருநாள் வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. தொழில் இல்லாத இடத்தில் விதிக்கும் தடையும், தலைமுறைகளாகத் தொழில் நடக்கும் இடத்தில் விதிக்கும் தடையும் ஒன்றல்ல என்பதைத் தங்கள் ஆணையிலேயே குறிப்பிட்டு, அத்தகைய இடங்களில் மனிதருக்கு மாற்றுத் தொழிலும் குதிரைக்குப் பராமரிப்பு நிதியும் ஒதுக்கிய பின்னரே எந்தத் தடையையும் ஆலோசிக்கவேண்டுமென அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

கடைசியாகத் தொல்லியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். கோட்டைக்குள் இருக்கும் பழைய குதிரை லாயத்தின் வரிசை அறைகளைப் பலரும் சிப்பாய்களின் குடியிருப்பென்றோ தானியக் கிடங்கென்றோ எண்ணிக் கடந்துபோகிறார்கள். அங்கே குதிரைகளுக்கு நீர் எங்கிருந்து வந்தது, தீவனம் எங்கே சேமிக்கப்பட்டது, கோட்டையின் காவலில் அவற்றின் பங்கு யாது என்பவற்றைத் தமிழில் விளக்கும் பலகை ஒன்றை நாட்டினால், குதிரையைப் பார்க்க ஆசைப்பட்டு வரும் குழந்தைகளுக்கு அதுவே போதும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சிங்கவரம் ஊரார் சங்கத்தார்.