குறி தப்பினால் யார் குற்றம்?

ஹார்பர் லைனில் சான்பாடாவில் ஏறும் பள்ளி மாணவியின் தோளில் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று தொங்கினால், பக்கத்து சீட்டுக்காரர் அதை கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளக்கூடும். உள்ளே இருப்பது ஏர் ரைபிள். ஜுயிநகர், நெருல், பேலாப்பூர், கார்கர் என்று ரயில் ஊர்ந்து பன்வேல் சேர்ந்தால், அங்கேதான் இருக்கிறது லக்ஷ்யா துப்பாக்கிச் சுடும் பயிற்சி மையம். 2004-ல் கோலாலம்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் 400-க்கு 400 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்த சுமா ஷிரூர் தொடங்கியது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்ற பிறகு, வெளிமாநிலத் தமிழ் வீடுகளிலும் இந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது.

மரியாதையோடு செலவும் வந்திருக்கிறது. செம்பூர் வாடகை வீட்டிலிருந்து சான்பாடா ஃபிளாட்டுக்கு மாறி, வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மகளுக்காக வாங்கிய ஜெர்மன் ரைபிளின் விலை இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். மூன்று மாதம் நன்றாகச் சுட்டவள், மழைக்காலம் தொடங்கியதும் சரிகிறாள். குண்டுகள் இடதுபக்கம் போகின்றன. சைட்டைத் திருப்பினால் வலதுபக்கம் போகின்றன. "அப்பா, இந்தத் துப்பாக்கி சரியில்லப்பா" என்கிறாள். அப்பா பி.எஃப். பணத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்குகிறார். அந்தக் கணக்கை ஒரு வாரம் தள்ளிப்போடுவது நல்லது.

குறி தப்பும் துப்பாக்கியின் கதை இந்தியாவில் பழையது. 1907-ல் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் துரத்தியபோது அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி எதிரே பாறைமேல் நிற்கிறது. கார்பெட் ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே நன்றாகத் தெரியும் இடைவெளி இருந்தது. சுமார் இருபது அடி தூரத்தில், திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். புலி செத்தது. பிறகு பார்த்தால் குண்டு பட்டிருந்தது வாயில் அல்ல, முன்னங்கால் பாதத்தில். முதலில் பட்ட காயங்களாலேயே புலி விழுந்திருக்கிறது. இருபது அடியில் அவ்வளவு விலகல்! கார்பெட்டின் கையைக் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. அங்கே குற்றவாளி துப்பாக்கிதான்.

அந்த வேட்டை உலகம் இன்று இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த அதன் திருத்தமும் வேட்டை உரிமங்களுக்கு முடிவு கட்டிவிட்டன. காட்டிலிருந்து துப்பாக்கி பயிற்சிக்கூடத்துக்கு இடம் மாறியது. ஆனால் அங்கே தேவைப்படும் துல்லியம் எந்த வேட்டைக்காரரும் கனவு காணாதது. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்து புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஏறக்குறைய முற்றுப்புள்ளி. ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். நடுவில் விழ வேண்டிய குண்டுகள் எல்லாம் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுவதாக வைத்துக்கொண்டால், 60 குண்டுகள் கொண்ட தகுதிச் சுற்றில் 12 புள்ளி காலி. தேசிய அணிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடக் குறைவு.

எனவே முதல் கேள்வி, குண்டுகள் எங்கே விழுகின்றன என்பதல்ல. எப்படி விழுகின்றன என்பது. ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் நடுவை விட்டுத் தள்ளி விழுந்தால் ரைபிளும் ஆளும் நலம். சைட் மட்டும் நகர்ந்திருக்கிறது. பின்பக்க சைட்டை, குண்டு விழுந்த திசைக்கு எதிர்த்திசையில் நகர்த்தினால் முடிந்தது வேலை. ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் சைட்டைத் தொடவே கூடாது. புதியவர்கள் செய்யும் பெரும் தவறு இங்கேதான். ஒரு குண்டு இடதுபக்கம் போனதும் திருகுவார்கள். அடுத்தது வலதுபக்கம் போகும், மறுபடி திருகுவார்கள். அரைமணி நேரத்தில் சைட் எங்கே இருந்தது என்பது சைட்டுக்கே மறந்துவிடும்.

சிதறலுக்குக் காரணம் தேடும்போது மலிவானதிலிருந்து தொடங்குவது விவேகம். மிக மலிவானது திருகாணி. குழலையும் இயந்திரப் பகுதியையும் கட்டையோடு இணைக்கும் திருகாணிகள், சைட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் எல்லாம் நாள்பட நெகிழும். தாணே கழிமுகத்தை ஒட்டிய சான்பாடாவின் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். மரக்கட்டை பொருத்திய ரைபிளாக இருந்தால் ஜூன் மழையில் மரம் ஊதி, பிடிமானமே மாறும். மே மாதத்தில் சரியாக இருந்த துப்பாக்கி ஜூலையில் வேறு துப்பாக்கி. பயிற்சி முடிந்து பெட்டியில் ஈரத்தோடு மூடி வைக்காமல் துடைத்து வைப்பதும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுவதும் லட்ச ரூபாய் மிச்சம் பிடிக்கும் வேலைகள்.

அடுத்தது பெல்லட். எல்லா 4.5 மில்லிமீட்டர் குண்டும் ஒன்றல்ல. தலையின் அளவு 4.49, 4.50, 4.51 என்று நூலிழை வித்தியாசத்தில் விற்கிறார்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிப்பதில்லை. ஒரே கம்பெனியின் இரு தயாரிப்புகளிலேயே வித்தியாசம் இருக்கும். அதனால்தான் பெரிய வீரர்கள் ரைபிளை இறுக்கி மாட்டிவைத்து, டப்பா டப்பாவாகச் சுட்டுப் பார்த்து, பொருந்தும் தயாரிப்பை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். பழைய டப்பா தீர்ந்து புதியதைத் திறந்த நாளும் ஸ்கோர் சரிந்த நாளும் ஒன்றா என்று டைரியைப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். டைரி எழுதாதவர்களுக்கு இந்த வசதி இல்லை.

காற்று உருளையையும் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் குண்டின் வேகம் குறையும், குறி கீழே இறங்கும். செகண்ட் ஹேண்ட் ரைபிள் வாங்குகிறவர்கள் உருளைமீது பொறித்திருக்கும் தேதியை முதலில் படிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்ததைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. ஆபத்தும் கூட.

இத்தனையும் சரி என்றால், துப்பாக்கியை நம்பகமான இன்னொருவர் கையில் கொடுத்து பத்து குண்டு சுடச் சொல்லலாம். அவர் கையில் குண்டுகள் கூடி விழுந்தால் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும் பழக்கமாக இருக்கலாம். வலதுபக்கம் சாய்த்தால் குண்டு வலதுபக்கம் போய்க் கீழேயும் இறங்கும். கன்னத்தைக் கட்டையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைப்பதாக இருக்கலாம். டிரிகரை அழுத்திய கணமே தலையைத் தூக்கி, எங்கே பட்டது என்று பார்க்கும் ஆவலாக இருக்கலாம். ஏர் ரைபிளில் குண்டு ஒப்பீட்டளவில் மெதுவாகத்தான் குழலைத் தாண்டுகிறது. அதற்குள் தோள் அசைந்தால் குறியும் அசையும். மூன்று மாதத்தில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட பெண்ணுக்குக் கட்டையின் நீளம் மாற்றவேண்டியிருக்கும் என்பது பல பெற்றோருக்குத் தோன்றுவதே இல்லை. பள்ளிச் சீருடையை மட்டும் ஞாபகமாக மாற்றுகிறார்கள்.

துப்பாக்கி எப்போதும் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. 575 எடுத்து இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வரும்வரை அந்தப் பழுதைப் பற்றி நாடே பேசியது. அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸில் மூன்றாவதாகத் தகுதி பெற்று ஏழாவதாக முடித்தார். அவர் நின்ற இடத்தில் தரைப் பலகை ஆடியது பின்னர்தான் தெரியவந்தது. ரைபிள், குண்டு, உடம்பு மூன்றும் சரி, தரை சரியில்லை!

நான்கு ஆண்டு கழித்து, 2008 ஆகஸ்ட் 11, பீஜிங். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக் குண்டு சுட்டபோது அது வெகுதூரம் விலகிப் போனதைப் பிந்த்ரா கண்டார். யாராவது சைட்டைத் தொட்டார்களா, எங்காவது இடித்துக்கொண்டதா என்பது கடைசிவரை தெரியவில்லை. விசாரணைக்கு நேரமும் இல்லை. சைட்டைத் திருப்பி, மறுபடி சுட்டுப் பார்த்து, நடுவுக்குக் கொண்டுவந்தார். பத்தாவது குண்டுக்கு முன் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் அவரும் சமநிலை. ஹாக்கினென் 9.7. பிந்த்ரா 10.8.

சான்பாடா பெண்ணின் அப்பா புதுத் துப்பாக்கிக்கு விண்ணப்பம் எழுதும் முன் வாங்க வேண்டியவை மூன்று: ஒரு செட் ஆலன் சாவி, வேறு தயாரிப்பில் இரண்டு டப்பா பெல்லட், ஒரு நோட்டுப் புத்தகம்.