கலையாசிரியர் சங்கங்களும் கைமாறாத தலைமையும்

தமிழில் சங்கம் என்ற சொல் புலவர் கூடிய அவையையும் குறிக்கும். ஊதிய உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கும் அமைப்பையும் குறிக்கும். கலையாசிரியர் சங்கங்களுக்கு இவ்விரு பொருளும் பொருந்த வேண்டும். நடைமுறையில் இரண்டாவது மட்டுமே எஞ்சியிருப்பதாகத் தோன்றுகிறது. ஆசிரியர்களின் ஆர்வக்குறைவே இதற்குக் காரணம் என்பாருண்டு. நான் அதை ஏற்கவில்லை. சங்கத்தை நடத்தும் அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கோரிக்கையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தமிழக அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பேர் இவ்வாறு அமர்த்தப்பட்டனர். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி ஆகியவற்றைக் கற்பிக்க வாரத்துக்கு மூன்று அரை நாள்கள். மாதம் 5,000 ரூபாய். அத்தொகை 2021இல் 10,000 ஆகவும் 2024இல் 12,500 ஆகவும் உயர்ந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது திமுக தன் அறிக்கையில் பணிநிரந்தரத்தை வாக்குறுதியாக அளித்தது. இப்படிப்பட்ட ஊதியத்தில் குடும்பம் நடத்துபவரிடம் போய், கோரிக்கையை விட்டுவிட்டுக் கலையைப் பேசுங்கள் என்று உபதேசிப்பது அநியாயம்.

ஆனால் கோரிக்கை மனு எழுதிய நேரம் போக, சங்கம் வேறென்ன செய்யலாம்? ஓசூரையே எடுத்துக்கொள்வோம். ஒரே வகுப்பில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஊர் இது. வேலை தேடி வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். பாடநூலின் மொழி எட்டாத பிள்ளைக்குக் கோடும் வண்ணமும் எட்டும். தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடத்துக்குப் பறிபோகும் ஓவிய வேளையைத் தலைமையாசிரியரிடம் பேசி மீட்டுக்கொள்ளத் தெரிந்த ஆசிரியர் இருப்பார். பர்கூருக்கு அருகிலுள்ள மல்லபாடியின் பழம் பாறை ஓவியங்களையும் இம்மாவட்டம் முழுதும் நிற்கும் நடுகற்களையும் வகுப்புக்குள் கொண்டுவரத் தெரிந்தவரும் இருப்பார். அவர்கள் அறிந்தது அடுத்த ஒன்றியத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அவர்கள் மாற்றலாகிப் போனாலோ ஓய்வுபெற்றாலோ, அதுவும் கூடவே போய்விடுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய கதையன்று. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து', 1970 வரை பெரும்பாலும் அவர் தோளிலேயே வந்தது. அவரால் முடியாமற்போனபோது நின்றது. தனிமனிதரின் தியாகத்தைப் போற்றுவதில் நாம் வல்லவர்கள். அந்தச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும் முறைகளை உருவாக்குவதில் அவ்வளவு வல்லவர்கள் அல்லர்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. சென்னை ஓவியக் கல்லூரியின் ஆசிரியரும் பின்னர் முதல்வருமான கே.சி.எஸ். பணிக்கர், 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1966இல் அவரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. வரையத் தெரிந்தவர்கள் கணக்கெழுதவும் பொருள் விற்கவும் கூட்டம் நடத்தவும் கற்றுக்கொண்டார்கள். பணிக்கர் 1977இல் மறைந்தார், கிராமம் மறையவில்லை. 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஒரு முதல்வரின் செல்வாக்கு இதன் தொடக்கத்துக்கு உதவியிருக்கலாம். அவருக்குப் பின்னும் அது நிலைத்ததைச் செல்வாக்கால் விளக்க முடியாது. ஆயினும் அந்த நிர்வாக அனுபவம் பள்ளி ஓவிய ஆசிரியர்களின் சங்கங்களை வந்தடைந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் வட்டாரந்தோறும் தனித்தனியே இயங்கிய கலையாசிரியர் அமைப்புகள் 1947இல் ஒன்றிணைந்து தேசியக் கலைக்கல்விச் சங்கமாயின. அங்கே தலைவரோடு, அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் முந்தைய தலைவரும் பொறுப்பில் இருக்கிறார்கள். வரப்போகிறவர் பார்த்துக் கற்கிறார். போகிறவர் அருகிலிருந்து கைகொடுக்கிறார். மிக எளிய ஏற்பாடு, செலவும் இல்லை. நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது இதுவே என்பேன்.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டாம் என்பவர்கள் ஓசூரின் ஆலைகளைப் பார்க்கலாம். இங்கே ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல் டெமிங் பரிசு பெற்றது. அப்பரிசுக்குரிய தர மேலாண்மை முறையில், தொழிலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையில் உள்ள சிக்கலைத் தாமே ஆராய்வதற்கு முக்கிய இடமுண்டு. ஒரு குழு கண்ட தீர்வு எழுதிவைக்கப்பட்டு அடுத்த குழுவுக்குப் போகிறது. ஆலையின் நோக்கம் வேறு, பள்ளியின் நோக்கம் வேறு என்பதை அறிவேன். பிள்ளைகளைப் பொருள்களாகக் கருதும் மேலாண்மைப் பேச்சில் எனக்கு நம்பிக்கையுமில்லை. ஆனால் பெற்றோர் ஆலையில் அன்றாடம் செய்யும் ஒன்றை, அவர்களுடைய பிள்ளைகளின் ஆசிரியர்கள் செய்ய இயலாது என்பதற்குக் காரணம் தெரியவில்லை.

ஓசூருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சென்னை முந்நூறு கிலோமீட்டர், பெங்களூர் நாற்பதுதான். அங்கே 1960இல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத், தெருவையே கண்காட்சியாக்கும் 'சித்ர சந்தெ'யை 2004 முதல் நடத்திவருகிறது. பணிக்கரின் மாணவரும் சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருமான எஸ்.ஜி. வாசுதேவ் பின்னர் பெங்களூரில் குடியேறினார். ஓவியர்கள் எல்லையைக் கடந்து பலகாலம் ஆகிறது. சங்கங்கள் ஏன் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியோடு நின்றுவிட வேண்டும்?

பொறுப்பேற்க ஆளில்லை, அதனால்தான் ஒருவரே நீடிக்கிறார் என்ற பதில் வரும். அதில் உண்மையுண்டு. பகுதிநேர ஊதியத்தோடு வேறு வேலையும் பார்ப்பவருக்குச் சங்கப் பணி கூடுதல் சுமை. ஆனால் சுமை முழுதும் ஒருவர் தலையில் இருப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அஞ்சி விலகுகிறார்கள். பிரித்துக் கொடுத்தால் சிலராவது முன்வருவார்கள்.

நான் கேட்பவை மூன்றே. செயலாளர் பொறுப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறட்டும். அடுத்து வருபவர் ஓராண்டு உடனிருந்து கற்கட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் கோரிக்கை பேசிய பிறகு, ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் பலித்த ஒன்றைச் சொல்லட்டும்; அது எழுத்தில் பதிவாகட்டும். ஆண்டுக்கொரு முறை கர்நாடகத்துக் கலையாசிரியர்களோடு ஓசூரில் ஒரு நாள் கூடட்டும். பணிநிரந்தரம் அரசு தர வேண்டியது. அதற்குப் போராடத்தான் வேண்டும். இம்மூன்றுக்கும் எந்த அரசாணையும் தேவையில்லை.