தன்னார்வலரா, தொழிலாளியா?

ஆங்கில அறிக்கைகளில் வரும் ‘வாலண்டியர்’ என்னும் சொல்லைத் ‘தன்னார்வலர்’ என்று பெயர்க்கும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது. ‘தொழிலாளி’ என்று எழுதினால் மூலத்துக்குத் துரோகம். எழுதாவிட்டால் உண்மைக்குத் துரோகம்.

உள்ளூர் விளைபொருளைக் கொண்டு சத்துணவு தயாரிக்க ஆஷா, அங்கன்வாடிப் பெண்களைப் பயிற்றுவிப்பது நல்ல முயற்சியே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. கோலார் தங்கவயலில் அதற்கு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. சுற்றிலும் கேழ்வரகு விளையும் மண். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவில் காய்ச்சும் கூழ் இளகி நிற்கும். குழந்தை கூடுதலாக உண்ணும். இரும்புச்சத்தும் எளிதில் உடலில் சேரும். வறுத்த நிலக்கடலையும் பாசிப்பயறும் சேர்ந்தால் புரதக் குறையும் தீரும்.

ஆனால் இந்தக் கூழைக் காய்ச்சப்போவது யார்? 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. விடியலில் சென்று இரவில் திரும்பும் தாய்க்குச் செய்முறை தெரியாமலில்லை. களியும் கூழும் அவளுடைய பாட்டியின் சமையல். அவளிடம் இல்லாதது நேரமும் காசும். ஆகவே பயிற்சியின் பயன் அங்கன்வாடி அடுப்பைப் பொறுத்தே அமையும்.

அந்த அடுப்புக்கு வருவது என்ன? ஒரு குழந்தையின் ஒருநாள் உணவுக்கு ஒன்றிய அரசு 2017இல் நிர்ணயித்த தொகை 8 ரூபாய். அங்கன்வாடி ஊழியருக்கு அது 2018இல் அறிவித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுத்தாலும் பெயர் மதிப்பூதியம்தான், ஊதியம் அன்று. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி வழங்க வேண்டும் என்று 2013 மே மாதத்தில் பரிந்துரைத்தது 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருசேர அமர்ந்த அவை அது!

அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்கள் கூடாது. தானியக் கொள்முதலிலும் சமையலிலும் ஊர் மக்களையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்துவதே விரும்பத்தக்கது என 2004 அக்டோபர் 7இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பயிற்சி முகாம்களுக்குத் தங்கவயல் தோழர்கள் தவறாமல் செல்ல வேண்டும். சென்று, செய்முறைத் தாளைப் பெற்றுக்கொண்டபின் கேட்க வேண்டும்: கேழ்வரகு எந்த உழவரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கப்படும்? எரிவாயுச் செலவு யாருடையது? இன்றைய பயிற்சி நாளுக்கு இப்பெண்களுக்குக் கூலி உண்டா?