முதலில் யாரைக் கேட்பது?

என் அக்கா மகன் இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாத்தாங்காட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே இரும்பு மார்க்கெட்டுக்கு வந்த டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "மாமா, காலேஜ்ல பசங்க இன்டி ஃபோக்கு, ஆல்ட் கன்ட்ரின்னு இன்னாவோ பேசிக்கிறாங்க. நான் ஒண்ணும் கேட்டதில்ல. யார்லர்ந்து ஆரம்பிக்கிறது? பாப் டிலனா, ஜானி கேஷா?"

நான் கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். இசை விமர்சகன் அல்ல. ஆனாலும் யோசிக்காமல் பதில் வந்தது: "ரெண்டு பேரும் அப்புறம். எலிசபெத் காட்டன்னு ஒரு ஆயா இருந்தாங்க. அவங்கள மொதல்ல கேளு."

ஏன் என்று சொல்லவேண்டும். 1893இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்காகக் கம்பி கட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, தானே கற்றுக்கொண்டு வாசித்தார். சிறுமியாக இருக்கும்போதே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு கல்யாணம், தேவாலயம், வீட்டு வேலை. பல பத்தாண்டுகள் கிதாரைத் தொடவில்லை. வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர், அந்த வீட்டுக் கிதாரை எடுத்து வாசித்தபோதுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது அவருக்கு வயது 65. அதற்குள் அந்த ரயில் பாட்டு இங்கிலாந்துக்குப் போய் 1957இல் பெரும் வெற்றி பெற்றிருந்தது. பாட்டை எழுதியவர் என்று வேறு யார் பெயரோ இருந்தது. பாட்டு அவருடையதுதான் என்று நிலைநாட்ட மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1985இல் கிராமி விருது வந்தது, 1987இல் இறந்தார்.

டிலனைக் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. அவர் பெரிய கவி. ஆனால் பான்ஜோ என்ற கருவியே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் கைவழியாக அமெரிக்கா வந்தது. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரே மண்ணின் பாட்டை இரண்டாகப் பிரித்து, கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' என்று தனித்தனி அலமாரியில் வைத்து விற்றன. ஊர், சேரி என்று பிரிக்க அவனுக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள். பிறகு வந்த கன்ட்ரியும் ஆல்ட் கன்ட்ரியும் அந்தப் பிரிவினையின் வயிற்றில் பிறந்தவைதான். கன்ட்ரி இசையின் மிகப் பெரிய வானொலி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் ஆரம்பகால நட்சத்திரமாக இருந்த டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பின மவுத்ஆர்கன் கலைஞரை 1941இல் வெளியேற்றினார்கள். அவர் நாஷ்வில் நகரத்தில் பூட்ஸ் துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு டிலனிடம் போனால் டிலன் குறைந்துபோகமாட்டார். தெரியாமல் போனால் எல்லாம் டிலனிடமிருந்தே தொடங்கியது என்று ஆகிவிடும்.

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "சரி மாமா. நம்மூர்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு மாதமாக பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் யாரைக் கேட்பது என்பது வெறும் ரசனை விவகாரம் என்று தோழர்கள் நினைக்கக்கூடும். முதலில் காதில் விழுவது அளவுகோலாக உட்கார்ந்துகொள்ளும், பிறகு வருவதையெல்லாம் அது அளக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. 90களின் கடைசியில் நான் பள்ளிக்கூடப் பையன். தேவா இசையமைத்த சினிமா கானாதான் எனக்கு முதல் கானா. பின்னணியில் இருபது வாத்தியம், நடுவில் பெரிய ஹீரோ. அதற்குப் பிறகு எங்கள் தெருச் சாவு வீட்டில் ஒருவர் ஒரு டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடியபோது, 'இன்னாடா இது, மியூஜிக்கே இல்ல' என்று நண்பர்களோடு சேர்ந்து சிரித்தேன். எங்கள் பாட்டைப் பார்த்து நானே சிரித்தேன். அளவுகோலை எவனோ கொடுத்திருந்தான்.

இன்றைக்கு அதைச் செல்போன் கொடுக்கிறது. தமிழ் நாட்டுப்புறம், தனியிசை என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 2021 மார்ச்சில் வந்த 'எஞ்ஜாய் எஞ்சாமி'. நல்ல பாட்டு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் ஆயா வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் கொண்டுவந்தார். தோட்டம் போட்டவன் தொண்டை காய்ந்து கிடக்கும் வரலாறு அது. ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டைப்படம் போட்டபோது, பாடலை எழுதிப் பாடிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதன் பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு மின்னட்டை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால்? எலிசபெத் காட்டனின் ரயில் அரக்கோணம் வழியாகவும் போகிறது.

அடுத்து, எண்ணூரைப் பற்றிய பாட்டு என்று தேடினால் வருவது 2017இன் 'சென்னை புறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகி எழுதியது, டி.எம். கிருஷ்ணா பாடியது. கர்நாடக ராகங்களில் மெட்ராஸ் தமிழ். கொசஸ்தலை ஆற்று முகத்தில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் பக்கத்தில் நின்று படம் பிடித்தார்கள். இதையும் நான் மதிக்கிறேன். சபா உள்ளே இருந்து ஒருவர் இறங்கி வந்து எங்கள் கழிமுகத்துக்காகக் குரல் கொடுத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் சாத்தாங்காட்டுப் பையன் தன் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற எண்ணூரை அந்தக் குரல்வழியாகவா முதலில் கேட்கவேண்டும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து எங்கள் பக்கத்து மீனவர்களின் வலையிலும் படகிலும் ஒட்டியது. அந்தப் பிசுக்கைக் கையால் வழித்தவர்களின் வாயில் பாட்டு இல்லையா என்ன? அதை ஒலிப்பதிவு செய்ய ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரின் இசை வரலாறு என்று எவரையாவது கேளுங்கள். தியாகராஜர் வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடியதைச் சொல்வார்கள். அது நடந்ததுதான். ஆனால் கொஞ்ச தூரம் தள்ளி, தொண்டியார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபை (1792-1838) அந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை. தொண்டிப் பக்கமிருந்து வந்த அந்தப் பக்கீரால்தான் பேட்டைக்கே பெயர் என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். அவர் பாட்டும் சித்தர் பாட்டும் கானாவுக்குள் ஓடுகின்றன என்று மூத்த கானாப் பாடகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் ரிக்‌ஷா மிதித்தவனும் பாடிய பாட்டுக்கும் ஒரு குருபரம்பரை உண்டு, அதை எழுதிவைக்க ஏடு கிடைக்கவில்லை.

இனி நம் ஆட்களிடம் வருகிறேன். இந்தக் கேள்வியை எந்தத் தோழரிடம் கேட்டாலும் "கே.ஏ. குணசேகரன்" என்பார். நானும் அப்படித்தான் சொல்லவந்தேன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்து, 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகப் பாடி, 'பலி ஆடுகள்' நாடகமும் 'வடு' தன்வரலாறும் எழுதிய மனிதர். இன்குலாபின் 'மனுசங்கடா' அவர் தொண்டையில் ஏறிய பிறகுதான் அது ஒரு மக்களின் பாட்டாயிற்று. இருவரும் 2016இலேயே போய்விட்டார்கள். அவர் பாட்டைக் கேட்காமல் எவனும் தலித் இசை என்று பேசக்கூடாது. இருந்தாலும் பையனுக்கு முதலில் அவரைச் சொல்ல மனம் வரவில்லை. அது வயற்காட்டின் குரல், தெற்கத்திக் குரல். இவன் காது டிரெய்லர் ஹாரனிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து டோலக்கிலும் வளர்ந்த காது. மேடையில் நின்று ஊருக்குச் சொல்லும் பாட்டை அவன் மரியாதையாகக் கேட்பான், கைதட்டுவான். தன் பாட்டு என்று நினைக்கமாட்டான்.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒன்றும் இருக்கிறது. பறையை நாம் மீட்டோம். சாவுக்கு அடித்ததை விடுதலைக்கு அடித்தோம். கானாவை என்ன செய்தோம்? நான் போன எத்தனையோ கூட்டங்களில் பறையாட்டம் உண்டு, எழுச்சிப் பாடல் உண்டு, கானாக்காரன் மட்டும் இல்லை. கேட்டால் "அது கஞ்சா பாட்டு தோழர், காதல் தோல்விப் பாட்டு, பொம்பளைங்கள கேவலப்படுத்தற பாட்டு" என்று பதில் வரும். கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதை மூடி மறைக்கமாட்டேன். சில பாட்டுகளை என் அக்கா முன்னால் போடமுடியாது. ஆனால் பெண்ணை இழிவுபடுத்தாத சினிமாப் பாட்டு எத்தனை? புனிதம் கட்டிக்காக்கும் வேலையை நாமுமா எடுத்துக்கொள்வது? ஊர்க்காரன் பறையைப் பார்த்துச் சுளித்த அதே முகத்தை நாம் கானாவைப் பார்த்துச் சுளித்தோம்.

அந்தக் கணக்கைத் திருத்தியது 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. ரஞ்சித்தின் நீலமும் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. பண்டிதர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன, இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அந்தக் குழுவில் நின்றவர்தான் இராயபுரத்து இசைவாணி. கீபோர்டு வாசிக்கும் அப்பாவோடு சின்ன வயதிலிருந்து மேடையேறியவர். ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் எடுத்துப் பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பெண்ணின் கோயில் நுழைவைக் கேட்கும் பாட்டை அந்த மேடையில் பாடியதற்காக, ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் அவரை மிரட்டியும் ஆபாசமாக ஏசியும் தீர்த்தார்கள். பாட்டு சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது.

ஆகவே முடிவு செய்தேன்: முதலில் இசைவாணி. எங்கள் பேச்சு, எங்கள் டோலக், பக்கத்துப் பேட்டை. கானாவின் மேல் இருக்கிற ஒரே நியாயமான குற்றச்சாட்டுக்கும் அந்தக் குரலே பதில். அதன் பிறகு கானா பாலா, மரண கானா விஜி, கே.ஏ.ஜி., அறிவு, கிருஷ்ணா எந்த வரிசையில் வந்தாலும் காது பிழைத்துக்கொள்ளும்.

இதைப் பையனிடம் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினான். மூன்று நாளில் கேட்டுவிட்டும் வந்தான். "சூப்பர் மாமா" என்றவன், அடுத்து, "தாத்தா சாவுல நைட்டெல்லாம் ஒருத்தர் பாடனாரே, தாத்தா லோடு தூக்கனத, ஆயாவ இட்டாந்தத எல்லாம் பாட்டுலயே சொன்னாரே. அவர் பேரு இன்னா? அவர்து எதாவது ரெக்கார்டு இருக்குதா?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை.

நைனா இறந்தது 2019இல். செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கிளார்க்கு கை, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். ஷாமியானாவுக்குக் கடைப் பெயர் இருக்கிறது. பூப்பல்லக்குக்குக் கடைப் பெயர் இருக்கிறது. ஐஸ் பெட்டிக்கு வண்டி நம்பரே இருக்கிறது. அதன் கீழே, என் கையெழுத்தில்: 'பாட்டு - 4,000'. அவ்வளவுதான். அறிவு பெயரை அட்டையில் போடவில்லை என்று 2021இல் கவிதை எழுதியவன் நான். அது இந்தப் பக்கங்களைப் போன்ற ஒரு பத்திரிகையில் வந்தும் இருக்கிறது.

ஷாமியானாக் கடையில் போய் விசாரித்தேன். அங்கிருந்த பையனிடம் நம்பர் இருந்தது. மணலி பக்கம் இருக்கிறாராம், பகலில் லாரிக்கு லோடு ஏற்றுகிறாராம். கூப்பிட்டேன். என் பெயரைச் சொல்லி, எங்கள் தெருவைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்து பாடமுடியுமா என்று கேட்டேன்.

"யாருண்ணா தவறிட்டாங்க?" என்றார்.

யாரும் தவறவில்லை, எங்கள் வீட்டுப் பையன் உங்களைக் கேட்கவேண்டும் என்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சாவு இல்லாம யாரும் கூப்ட்டதில்லண்ணா. யாரப் பத்தி பாடறது?" என்றார். நைனாவைப் பற்றியே இன்னொரு தரம் பாடச் சொன்னேன். டோலக் வாசிப்பவருக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும் என்றார். சரி என்றேன். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன், டோலக்காரர் பெயரையும் சேர்த்து. அச்சில் போட அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த இதழில் தருகிறேன்.